மரக்காணத்தில் உப்பு கரைந்த நாட்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 35 கி.மீ. வந்தால் மரக்காணம். கோடையில் போனால் கண் கூசும். ரோட்டோரம் பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்பில் வெள்ளைக் குவியல், தலையில் கூடையோடு நம் வயசுப் பெண்கள். சங்க கால எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்பார்கள். பூமீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஐப்பசி பிறந்தால் காட்சியே வேறு. மழைத் தண்ணீர் விழுந்தால் உப்பு விளையாது, கூலியும் கிடையாது. அதனால்தான் 2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. விலைவாசி தெரிந்த நமக்கு, மூன்று மாதத்துக்கு அது எம்மட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை! உப்பளம் எது, ஏரி எது என்றே தெரியவில்லையாம். என் நாத்தனார் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பத்து நாள் கழித்து நானும் அவரும் போய்ப் பார்த்தோம்.

"கரண்ட் இல்லை அண்ணி, விறகெல்லாம் ஈரம். மெத்தை வீட்டுக்காரங்க கேஸ் அடுப்பைக் கொடுத்தாங்க. ஆளுக்குக் கொஞ்சம் ரேஷன் அரிசி போட்டு ஒரே அண்டாவிலே வடிச்சோம்" என்றாள். மீனவர் வீடுகளிலிருந்து கருவாடு வந்ததாம். பெரியவர்களுக்குப் புளிச்சோறு, காலையில் கிளறினால் ராத்திரி வரை கெடாது. குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தனியாகக் குழைய வடித்த கஞ்சி. யார் வீட்டு அரிசி, யார் சாதி என்று அந்த மூன்று நாளும் ஒருத்தரும் கேட்கவில்லை என்றாள். மற்ற நாளில் கேட்கிற ஊர்தான்!

தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஒருவரும் குடிக்கக்கூடாது என்று ஒரு பாட்டி காவலே இருந்தாராம். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி புகட்டியிருக்கிறார்கள். இந்த அளவை இளம் தாய்மார்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடினால் ஆபத்து.

அரசு பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. ஆனால் பாத்தியில் நின்ற வெள்ளம் வடிய வேண்டும், சேறு வார வேண்டும், வரப்பு கட்ட வேண்டும், தரையை மிதித்து இறுக்க வேண்டும், மறுபடி உப்புநீர் பாய்ச்ச வேண்டும். அதற்கப்புறம்தான் கூலி. நாங்கள் கிளம்பும்போது நாத்தனார் தெருக்காரப் பெண்கள் நாலைந்து பேர், எந்தப் பாத்தியில் தண்ணீர் முதலில் வடியும் என்று வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.