44ஆம் தெருவின் கொட்டகைக்காரர்கள்

அமெரிக்காவில் குடியேறியவர்களின் வெற்றிக்கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வெறுங்கையோடு வந்தார், உழைத்தார், உயர்ந்தார். நம் தமிழ்ச் சங்க மலர்களிலும் இதைத்தான் எழுதுகிறோம். ஷூபர்ட் குடும்பத்தின் கதையையும் அப்படிச் சொல்லிவிடலாம். 1880களில், அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த லித்துவேனியாவிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகருக்கு வந்த ஏழை யூதக் குடும்பம் அது. தந்தை தலைச்சுமை வியாபாரி, குடிப்பழக்கம் உள்ளவர். லீ, சாம், ஜேக்கப் என்ற மூன்று பிள்ளைகளும் சின்ன வயதிலேயே பிழைப்புத் தேடித் தெருவில் இறங்கினார்கள். இன்று நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயின் 41 அரங்குகளில் 17 அவர்கள் பெயர் தாங்கிய நிறுவனத்தின் கையில். ஆனால் உழைத்து உயர்ந்தார்கள் என்று முடித்துவிட்டால் கதையின் சாரமே நழுவிவிடும். உழைக்கிறவர்களுக்கு அந்தத் தெருவில் பஞ்சமில்லை. ஷூபர்ட்கள் பிடித்த பிடி வேறு. நாடகத்தைவிட, நாடகம் நடக்கும் கொட்டகையையே இறுகப் பிடித்தார்கள். குடும்பத்தின் கை ஓய்ந்த பிறகும் அந்தப் பிடி மட்டும் தளரவில்லை.

இந்தப் புத்தி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாமின் ஆரம்ப வேலையிலேயே தடயம் இருக்கிறது. அவர் தொழில் கற்றது நுழைவுச்சீட்டுக் கல்லாவில். மேடையில் நிற்பவருக்குக் கைதட்டல்தான் கேட்கும். எந்த வரிசை காலி, எந்த ஊர்க் கம்பெனி வந்தால் கூட்டம், வசூலில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் கல்லாக்காரருக்குத்தான் தெரியும். 1896இல் உருவான தியேட்ரிக்கல் சிண்டிகேட் என்ற கூட்டணி நாடெங்கும் முக்கியமான அரங்குகளின் முன்பதிவைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அதைப் பகைத்துக்கொண்ட கம்பெனிக்கு ஊர் ஊராகக் கதவு அடைபடும். சாம் 1900இல் நியூயார்க்கின் ஹெரால்ட் ஸ்கொயர் அரங்கைக் குத்தகைக்கு எடுத்து அந்தக் கோட்டைக்குள் நுழைந்தார். 1905இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் அருகே நடந்த ரயில் விபத்தில், முப்பது வயதைத் தொடுமுன்பே இறந்துபோனார். தம்பியின் கனவை லீ கைவிடவில்லை. சிண்டிகேட் கதவடைத்தபோது, உலகப் புகழ் பெற்ற நடிகை சாரா பெர்ன்ஹார்டை 1906இல் டெக்சாஸில் கூடாரம் அடித்து நடிக்க வைத்தார்கள். பாரிஸின் மகாராணி போன்றவர் சர்க்கஸ்காரர் மாதிரிக் கூடாரத்தில்! பத்திரிகைகள் விடுமா? மக்கள் கண்ணில் சிண்டிகேட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டியிருக்கவில்லை.

பிராட்வேயின் கணக்கு இன்றும் ஏறக்குறைய சாம் கல்லாவில் பார்த்த அதே கணக்குத்தான். தயாரிப்பாளர் முதல் போடுகிறார். போட்டதை இழப்பவர்களே அதிகம். அரங்கக்காரருக்கோ வாரச் செலவும் வந்துவிடும், வசூலில் ஒரு பங்கும் வந்துவிடும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வசூல் தொடர்ந்து சரிந்தால் நாடகத்தை வெளியேற்றும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். கொட்டகைக்கு ரசனை கிடையாது, மறதியும் சௌகரியமாக இருக்கிறது. 1896இல் குதிரைச் சந்தையாகக் கட்டிய ஒரு கட்டடத்தை எடுத்து 1911இல் விண்டர் கார்டன் அரங்காக்கினார்கள். அதே இடத்தில் பின்னாளில் ‘கேட்ஸ்’ (பூனைகள்) என்ற இசை நாடகம் 18 ஆண்டுகள் ஓடியது. குதிரைக்குக் கட்டிய இடத்தில் பூனைகள் கொழித்ததைப் பார்க்க மூன்று சகோதரர்களில் யாரும் இல்லை.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, வாடகை வசூலித்தவர்கள்தானே என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. கதவடைக்கப்பட்டவர்கள் கதவடைப்பவர்கள் ஆனார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 1915இல் பிடிக்காத விமர்சனம் எழுதிய நியூயார்க் டைம்ஸின் அலெக்சாண்டர் வூல்காட்டை உள்ளே விடவில்லை. இனம், மதம், நிறம் பார்த்து மறுத்தால்தான் குற்றம் என்று சொல்லி மறு ஆண்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. ஒத்திகைக்குச் சம்பளமே இல்லாத காலத்தில் நடிகர்கள் 1919இல் வேலைநிறுத்தம் செய்தபோது ஷூபர்ட்கள் முதலாளிகள் அணியில் இருந்தார்கள். கடைசியில் அரசே ஏகபோக வழக்குப் போட்டது. பேஸ்பால் விளையாட்டுக்குக் கிடைத்த விலக்கு நாடகத் தொழிலுக்குக் கிடையாது என்று 1955இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு உடன்பாட்டில் 12 அரங்குகளை விற்கவும் முன்பதிவுத் தொழிலை விடவும் சம்மதிக்க வேண்டி வந்தது. ஆனாலும் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெருமந்தத்தில் நிறுவனம் திவாலாகி 1933இல் ஏலத்துக்கு வந்தபோது, லீ நான்கு லட்சம் டாலருக்கு அதை மீட்டார். எடுக்க வேறு ஆள் இல்லாத நேரம் அது. அன்று விட்டிருந்தால் பல அரங்குகள் சினிமாக் கொட்டகையாகவோ வாகன நிறுத்தமாகவோ போயிருக்கும். நோக்கம் லாபம்தான், மிஞ்சியது மேடை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதே காலத்தில் மன்ஹாட்டனின் இரண்டாம் நிழற்சாலையில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தாய்மொழியான யித்திஷில் நாடகம் கொடிகட்டிப் பறந்தது. ஒடெசாவிலிருந்து வந்த நடிகர் ஜேக்கப் ஆட்லரின் குடும்பமே மேடைக் குடும்பம். ஷூபர்ட்கள் அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் ‘தி ஸ்டூடன்ட் பிரின்ஸ்’ மாதிரி இனிப்பான இசை நாடகங்களைப் போட்டுக் காசு பார்த்தார்கள். தாய்மொழியை விட்டவர்களின் வெற்றி என்ன வெற்றி? எனக்கும் உறுத்துகிற கேள்விதான் இது, ஆண்டுக்கு இரண்டு நாள் பள்ளிக்கூட அரங்கை வாடகைக்கு எடுத்து நாடகம் போடுகிற சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதால். ஆனால் 1924இன் குடியேற்றச் சட்டம் புதிய வரவைக் குறைத்தது, பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள், யித்திஷ் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஆட்லரின் மகள் ஸ்டெல்லாவிடம் மார்லன் பிராண்டோ நடிப்புக் கற்றார். அந்த வீட்டுக் கலை நிலைத்தது, ஆங்கிலத்தில், ஸ்டெல்லா 1949இல் நிறுவிய பள்ளியின் வழியாக. அங்கும் தாங்கி நின்றது நான்கு சுவரும் ஒரு பெயர்ப்பலகையும்தான்.

குடும்பம் என்று பார்த்தால் ஷூபர்ட்கள் தோற்றவர்கள். லீயும் ஜேக்கப்பும் 44ஆம் தெருவின் இரு பக்கமும் எதிரெதிராக அலுவலகம் வைத்துக்கொண்டு, ஆள் மூலம் செய்தி அனுப்பித் தொழில் நடத்தினார்கள். லீ 1953இல் இறந்தார். ஜேக்கப்பின் மகன் ஜான், தந்தைக்கு ஓராண்டு முன்பே 1962இல் போய்விட்டார். உறவில் ஒருவர் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தார்; 1972இல் நிர்வாகம் குடும்பத்தின் வழக்கறிஞர்களிடம் போனது. உரிமையோ, சாமின் நினைவாகச் சகோதரர்கள் 1945இல் தொடங்கிய அறக்கட்டளையிடம். இன்று அது லாபநோக்கற்ற நாடகக் குழுக்களுக்கு நிதி தருகிறது. 2004 ஏப்ரலில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ பிராட்வேயில் மேடையேறியபோது அதற்கு இடம் தந்ததும் ஷூபர்ட் அரங்கு ஒன்றுதான். 284 காட்சிகள், 2005 ஜனவரி முதல் தேதி திரை விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘தி கலர் பர்ப்பிள்’ நாடகத்துக்காக அந்தக் கதவு மறுபடி திறந்தது.