பெந்தோட்டை ஆற்றில் ஒரு மாலை

எங்கள் தையல் குழுவிற்கு உதவி வழங்கிய வெளிநாட்டு நிதியம் ஒன்றிலிருந்து 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மூவர் கொழும்புக்கு வந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் மூன்று நாள் செயலமர்வு நடந்தது. அது முடிந்ததும் எல்லோருமாக ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். பெந்தோட்டை ஆற்றிலே பத்துப் பேர் மாத்திரம் இருக்கக்கூடிய படகு. சூரியன் மறையும் வரை பயணம். படகிலேயே நான்கு வகை வைன் சுவைத்துப் பார்க்கலாம். உல்லாசப் பயணிகளுக்கென்று உள்ள ஒழுங்கு அது. "உங்கள் பெண்களில் நால்வரை அழைத்து வாருங்கள்" என்றார்கள். முதலில் 23 ஆம் திகதி வெள்ளிக்கிழமை என்றுதான் தீர்மானித்தார்கள். அன்று போயா தினம், மதுபானம் பரிமாற முடியாது என்று நாங்கள் கூறிய பின்பு சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

பெண்களிடம் நான் வள்ளப் பயணம் என்று மாத்திரம் கூறினேன். வைன் பற்றிக் கூறவில்லை. கூறினால் வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்து கொண்டேன். சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, பதினொரு வருடங்களாகப் பெண்களுடன் வேலை செய்து, எதையும் விளக்கிக் கூறிய பின்புதான் ஒருவரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று மற்றவர்களுக்கு வகுப்பும் எடுக்கின்ற நான் செய்த காரியம் இது.

அவர்கள் தயங்கினார்கள்தான். ஆனால் அந்தத் தயக்கம் வேறு காரணத்தினால் வந்தது.

"வள்ளமோ தங்கச்சி? எங்கை போறதுக்கு?" என்று மன்னார் அக்கா கேட்டார்.

"ஒரு இடத்துக்கும் இல்லை அக்கா. சும்மா போட்டுத் திரும்பி வாறது."

"சும்மா ஆர் வள்ளத்திலை ஏறுவினம்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்களிலே வள்ளத்திலோ கப்பலிலோ ஏறாதவர்கள் குறைவு. ஆசைப்பட்டு ஏறியவர்கள் அதிலும் குறைவு. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரி, 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் உடுத்த சேலையோடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து "லங்கா கல்யாணி" என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். கப்பலின் தளத்தில் படுத்திருந்ததையும் வாந்தி எடுத்ததையும் இன்றும் சொல்வார். எனக்குக் கிளாலி. 1993 இல் எனக்கு ஆறு வயது. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டு, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவதற்குக் கிளாலிக் கடனீரேரி மாத்திரமே இருந்த காலம். ஒரு இயந்திரப் படகுக்குப் பின்னால் கயிற்றினால் தொடுத்த வள்ளங்கள். விளக்கு இல்லை, பேச்சு இல்லை. அந்த வருடம் தை மாதம் 2 ஆம் திகதி அதே நீரில் பயணிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது நிலவு எறித்தது என்று அம்மா அழுதார். நிலவைப் பார்த்து ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

மன்னார் அக்கா கடைசியாகக் கப்பலில் ஏறியது 2009 பங்குனியில், புதுமாத்தளனில். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்திய "கிறீன் ஓசன்" கப்பல் கரைக்கு வர முடியாது. காயக்காரரைச் சிறு வள்ளங்களில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டு போனார்கள். பெப்ரவரி முதல் மே வரை ஏறத்தாழ 14,000 பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். அதில் அக்காவும், காலில் காயப்பட்ட மகனும் அடங்குவர். கணவர் கரையில் நின்றார். அதன் பின்பு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அக்கா இன்றும் பொட்டு வைக்கிறார்.

இவ்வளவும் தெரிந்துதானா நான் அவரை அழைத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துதான் அழைத்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் உளவளத்துணைப் புத்தகங்களிலிருந்து ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மையில் எனக்கே தனியே போகப் பயமாக இருந்தது.

வந்த நால்வரில் மற்றொருவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்க அம்மா. 2008 இல் அவருடைய மகனை வெள்ளை வானில் ஏற்றிக் கொண்டு போனார்கள். மூன்றாமவர் முல்லைத்தீவு. நால்வரிலும் இளையவள் மலையகத்தில் பிறந்து கிளிநொச்சியில் வளர்ந்தவள். கணவன் இருக்கிறான். கசிப்புக் குடிப்பான், அடிப்பான்.

நிதியத்தார் வாகனத்தில் போனார்கள். நாங்கள் வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறினோம். அதுதான் எங்களுக்கு விருப்பம். கடலை ஒட்டியபடியே பாணந்துறை, களுத்துறை தாண்டி அளுத்கமை வரை போகின்ற பாதை. களுத்துறைக்கு அப்பால் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. கள்ளுச் சீவுபவர்கள் கீழே இறங்காமல் அந்தக் கயிறுகளின் மேல் நடந்தே அடுத்த மரத்துக்குப் போவார்கள். இந்தக் கள்ளை வடித்துத்தான் தென்னஞ்சாராயம் செய்கிறார்கள். இளையவள் அதை யன்னலால் பார்த்துக்கொண்டு, "மிஸ், விழுந்தா என்னாகும்?" என்றாள். பிறகு தானே, "குடிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள். அப்போதாவது வைன் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெந்தோட்டை ஆறு மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் எல்லை. ஒரு கரையில் அளுத்கமை, மறுகரையில் பெந்தோட்டை. கடலில் கலப்பதற்கு முன்பு, ஒடுங்கிய மணல் திட்டு ஒன்றுக்கு அப்பால் கடல் இரைந்து கொண்டிருக்க, ஆறு சிறிது தூரம் அதற்குச் சமாந்தரமாக அசையாமல் கிடக்கும். படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கி தந்தார்கள். மன்னார் அக்கா அதை வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டு, எங்கள் எல்லோரையும் எண்ணினார். படகோட்டியையும் வைன் ஊற்ற வந்த தம்பியையும் சேர்த்து எண்ணினார். பிறகு, "பன்னிரண்டு" என்று எனக்குச் சொன்னார். வழியில் இரண்டு தடவை மீண்டும் எண்ணினார்.

ஆற்றில் மேலே போகப் போகக் கண்டல் மரங்கள் இரு பக்கமும் நெருங்கி வந்தன. வேர்களுக்கிடையில் பெரிய கபரகொய்யா ஒன்று தலையை மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினான். அந்த அமைதியில்தான் எனக்குக் கிளாலி வந்தது. இயந்திரம் நின்றால் ஆபத்து என்று பழகிய காது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்த கையை விடவுமில்லை.

பிறகு படகு கடற்பக்கமாகத் திரும்பியது. முன்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு சிறிய மேசையை விரித்துக் கிண்ணங்களை வைத்தான். அப்போதுதான் பெண்களுக்கு விடயம் தெரிந்தது. முல்லைத்தீவுக்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அந்தச் சிங்களத் தம்பி ஹோட்டல் பாடசாலையில் படித்தவன், நல்ல பொறுமைசாலி. கொட்டாஞ்சேனை அம்மா மொழிபெயர்ப்பாளரை முந்திக்கொண்டு அவன் சொல்வதைத் தமிழில் சொன்னார். கிண்ணத்தைக் காம்பில் பிடிக்க வேண்டும், கைச்சூடு படக்கூடாது. முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். மெல்லச் சுழற்றி மணக்க வேண்டும். அதன் பிறகே ஒரு வாய். வெள்ளை வைனை நன்றாகக் குளிர வைத்து முதலில் தருவார்கள், சிவப்புப் பின்னால். சிவப்பைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் நிறமும் துவர்ப்பும். "சாயம் கூடின பிளேன்டீ மாதிரி" என்று அம்மா தன் பங்குக்குச் சேர்த்தார். அவருக்கு வைன் புதிதல்ல. நத்தாருக்கு முந்திரிகை வற்றலும் சீனியும் போட்டு வீட்டிலேயே செய்பவர். எனக்கும் வைன் என்றால் தோலகட்டி ஆச்சிரமம்தான். அங்கே செய்யும் நெல்லிரசத்தை வீட்டில் வாங்குவோம். வைன் என்பது கோயில் பூசைக்குரியது, அவ்வளவுதான்.

இளையவள் மணந்து பார்க்கவில்லை. கிண்ணம் பக்கத்தில் வந்ததுமே முகத்தைத் திருப்பி ஆற்றின் பக்கம் பார்க்கத் தொடங்கினாள். தோள் நடுங்கியது. நான் கிண்ணத்தை வாங்கி ஆற்றில் ஊற்றினேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் முதலே சொல்லியிருக்க வேணும்" என்றேன். "பரவால்ல மிஸ். நாத்தம் மட்டுந்தான்" என்றாள். அந்த "மட்டும்" என்னை இன்றுவரை விடவில்லை. படகு கரைக்கு வரும்வரை அவள் முன்பக்கத்தில் படகோட்டிக்கு அருகில் காற்று வரும் இடத்தில் இருந்தாள். அங்கே அவன் அவளைச் சுக்கானைப் பிடிக்க விட்டான். சிறிது நேரம் அவள்தான் எங்களை ஓட்டி வந்தாள்.

பெண் குடிக்கலாமா என்பது பற்றி இந்த நாட்டில் சட்டமே பேசியிருக்கிறது. பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 தை மாதத்தில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தை மீளப்பெறும்படி பணித்தார். பெண்கள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் பெரிய வாதம் நடந்தது. குடியினால் அழியும் குடும்பங்களை நாளாந்தம் பார்க்கின்ற நாங்கள் இதற்காகவா குரல் கொடுப்பது என்று ஒரு பகுதியினர். அழிப்பது ஆணின் குடி, தண்டனை மட்டும் பெண்ணுக்கா என்று நாங்கள் சிலர். அந்த வாதத்தில் ஒருவரும் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். வயலில் கூலிக்கு நின்ற ஆச்சிமார் பின்னேரத்தில் பிளாவில் கள்ளுக் குடித்ததை நான் சிறுவயதில் ஊரில் கண்டிருக்கிறேன். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. குடிக்கக்கூடாது என்ற மரியாதை எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி விதிக்கப்பட்டதல்ல. சாதிக்கும் காணிக்கும் ஏற்ப அளந்து விதிக்கப்பட்டது.

சரி, படகுக்கு வருகிறேன். சூரியன் கடலைத் தொட்டது. அதே நேரம் எங்களுக்குப் பின்னால், கண்டல் மரங்களுக்கு மேலே, முழு நிலவு எழுந்தது. போயாவுக்கு அடுத்த நாள் அல்லவா? நிதியத்திலிருந்து வந்த அம்மையார் எழுந்து நின்று எல்லோரையும் கிண்ணத்தை உயர்த்தச் சொல்லிப் படம் எடுத்தார். அவருடைய முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. போரிலிருந்து இந்த மாலை வரைக்குமான பயணம், ஆண்டறிக்கைக்கு அழகான கதை என்றார்.

மன்னார் அக்கா கிண்ணத்தைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டார். "தங்கச்சி, படம் வேண்டாம். புருஷனைத் தேடுற பொம்பிளை வள்ளத்திலை குடிச்சுக்கொண்டு நிக்கிறாளாம் எண்டு நாளைக்குச் சொல்லுவினம். நான் ஒவ்வொரு மாதமும் அவற்றை படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டிலை நிக்கிறனான்."

நான் அம்மையாரிடம் அந்தப் பெண்கள் இருக்கும் படங்களை அழிக்கச் சொன்னேன். அவர் புண்பட்டுப் போனார். என்னோடு வந்த சக பணியாளர், அடுத்த வருடத்து உதவி இந்தப் படகிலேயே மூழ்கப் போகிறது என்று காதுக்குள் கடிந்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் அம்மையார் கமராவை என்னிடமே தந்தார். பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக அழித்தேன்.

இறங்கும்போது கிண்ணங்களைச் சேர்த்துத் தம்பியிடம் கொடுத்தேன். கதிரைக்குக் கீழே இருந்த அக்காவின் கிண்ணம் வெறுமையாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது புகையிரதத்தில் இருக்க இடம் கிடைத்தது. இடது பக்க யன்னலால் நிலவு வெளிச்சத்தில் கடல் தெரிந்தது. "அண்டைக்கும் உப்பிடித்தான் நிலவு" என்று அக்கா சொன்னார். எந்த அன்றைக்கு என்று சொல்லவில்லை. முல்லைத்தீவுக்காரி, இனிமேல் எங்கே கூப்பிட்டாலும் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கோ என்று எனக்குப் புத்தி சொன்னாள். சரி என்றேன்.

மூன்று மாதங்களின் பின்பு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். கனடாவில் இருக்கும் மச்சாள் முகநூலில் கண்டு அவருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். சூரிய அஸ்தமனம், ஆறு, கையில் சிவப்பு வைன் கிண்ணத்தோடு நான். வேறு யாரும் இல்லை. அவர்களுடைய படங்களை எல்லாம் அழித்த நான், நான் மாத்திரம் இருந்த படத்தை அழிக்க மறந்து போயிருந்தேன்.

"உதென்ன கையிலை?" என்று அம்மா கேட்டார்.

"முந்திரிகைச் சாறு அம்மா" என்றேன். பெண்களின் உரிமை பற்றி மணிக்கணக்கில் பேசுகின்ற வாயினால் அப்படித்தான் சொன்னேன். அம்மா நம்பினாரோ தெரியாது. "வள்ளத்திலையோ இருக்கிறாய்?" என்று மட்டும் திரும்பக் கேட்டார். வள்ளம்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் கொட்டாஞ்சேனையில் குழுக்கூட்டம் முடிந்து, தையல் இயந்திரங்களை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் இதைப் பெண்களுக்குச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், இளையவளும்தான். மன்னார் அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "தங்கச்சி, நீங்களும் கதிரைக்குக் கீழை வைச்சிருக்கலாம்தானே" என்றார்.