நூறு யென்னுக்கு நான்கு கத்தரிக்காய்

வேளாண் பயிற்சிக்காக ஜப்பானின் இபராகி மாகாணத்தில், சுகுபா நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு. சனியும் ஞாயிறும் நம் விருப்பம். கையில் ஒரு வாடகை சைக்கிள், வாயில் நாலைந்து ஜப்பானிய வார்த்தைகள். இவற்றை வைத்துக்கொண்டு சுற்றிய அந்த வார இறுதிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுகுபா ஓர் ஆராய்ச்சி நகரம். திரும்பிய பக்கமெல்லாம் ஆய்வுக்கூடங்கள். ஆனாலும், பத்து நிமிடம் சைக்கிள் மிதித்தால் நெல் வயல் வந்துவிடும். வயல்களுக்கு அப்பால் இரட்டைச் சிகரத்தோடு சுகுபா மலை. ஒன்று ஆண் சிகரம், 871 மீட்டர். மற்றது பெண் சிகரம், 877 மீட்டர். அந்த ஆறு மீட்டரை வைத்தே எங்கள் குழுவில் இருந்த பெண்கள் எங்களை ஒரு மாதம் கேலி செய்தார்கள்.

ஆள் இல்லாத கடை

வயலோரத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டகைகள் இருக்கும். பலகையில் முள்ளங்கி, வெங்காயத்தாள், கத்தரிக்காய். எல்லாம் பை பையாகக் கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஓர் உண்டியல். ஒரு பை 100 யென், நம் கணக்கில் சுமார் 60 ரூபாய். கடைக்காரர் மட்டும் இருக்க மாட்டார். காசைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

என்னோடு வந்த கென்யா நாட்டு நண்பருக்கு இது பிடிபடவே இல்லை. ‘விற்பவர் வராமல் எப்படி எடுப்பது?’ என்று கால் மணி நேரம் நின்றார். அந்த நேரத்தில், சின்ன வெள்ளை டிரக் ஒன்றை ஓட்டிக்கொண்டு எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் வந்து இறங்கினார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான்கு கத்தரிக்காய் இருந்த பையில் மேலும் இரண்டைப் போட்டு, ‘ஓமாகே’ என்றார். அகராதியைப் பார்க்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர்க் ‘கொசுறு’தான்!

திருட்டே கிடையாது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் காசு போட்டால் மட்டும் திறக்கும் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும், பெரும்பாலான கொட்டகைகள் நம்பிக்கையில்தான் ஓடுகின்றன.

விலையை எழுதுவது விவசாயி

ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மிச்சி நோ எக்கி’க்குப் போவோம். ‘சாலை நிலையம்’ என்று பொருள். வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, அதோடு விவசாயிகளின் நேரடி விற்பனைக் கூடம் என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். 1993-ல் 103 இடங்களுடன் தொடங்கிய திட்டம் இது. இப்போது நாடு முழுக்க 1,200-க்கும் மேல் இருக்கின்றன.

இங்கே நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. காலையில் விவசாயி காய்களைக் கொண்டுவந்து, தன் பெயரும் விலையும் அச்சிட்ட சீட்டை ஒட்டி, தட்டில் அடுக்கிவிட்டு வயலுக்குத் திரும்பிவிடுவார். விலையை முடிவு செய்வது அவரேதான். விற்ற பணத்தில் நிலையம் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். விற்காததை அவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால், பேராசைப்பட்டு விலை வைக்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கிய உழவர் சந்தையும் இடைத்தரகர் இல்லாத ஏற்பாடுதான். ஆனால், காய் விற்றுத் தீரும்வரை விவசாயி அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானில் அந்த நேரம் வயலுக்கு மிச்சமாகிறது.

நூல் விடும் சோயா

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். இபராகியின் மிட்டோ நகரம் ‘நாட்டோ’வுக்குப் பேர்போனது. வேகவைத்த சோயாவை நொதிக்க வைத்துச் செய்வது. குச்சியால் கிளறினால் நூல் நூலாக இழுபடும். வாடையோ, எட்டு வீடு தள்ளி வரும். பழைய சோற்றில் வளர்ந்த எனக்கே முதல் கவளம் தொண்டையைத் தாண்ட மறுத்தது. கடுகு விழுதும் சோயா சாறும் சேர்த்துச் சுடுசோற்றில் பிசைந்த பிறகு, ஒரு வழியாக உள்ளே போனது.

அதற்கு ஆறுதல் தாமரைக்கிழங்கு. கசுமிகௌரா ஏரிக்கரை வயல்களில் இடுப்பளவு சேற்றில் நின்று, குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக் கிழங்கைப் பிரித்தெடுக்கிறார்கள். அதை வட்டமாக அரிந்து, மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்தால், வாழைக்காய் பஜ்ஜிக்குத் தம்பி!

மலையடிவார வெந்நீர்க் குளியல் தனிக் கதை. உடம்பில் ஒட்டுத்துணி இருக்கக் கூடாது. கைக்குட்டை அளவு துண்டு மட்டும் உண்டு. அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று தலையில் வைத்துக்கொள்கிறார்கள். வாய்க்காலில் துண்டு கட்டியே குளித்த உடம்பு, வெட்கத்தால் முதலில் சிவந்ததா, வெந்நீரால் சிவந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

சேற்றில் இறங்கும் நகரத்தார்

மே மாத ஞாயிறு ஒன்றில் சிபா மாகாணத்தின் கமோகாவாவுக்குப் போனோம். அங்குள்ள ஓயாமா செம்மைடாவில் 375 அடுக்கு வயல்கள். ஏரி, வாய்க்கால் பாசனம் இல்லை. மழைநீரை மட்டுமே நம்பிய நெல். இந்தப் படிகளில் பெரிய இயந்திரம் ஏறாது. வயதான விவசாயிகளால் தனியாகச் சமாளிக்கவும் முடியவில்லை. அதனால், 2000-ம் ஆண்டு முதல் நகரவாசிகளுக்கு வயலைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் கட்டியவர்கள் நாற்று நடவும், களை எடுக்கவும், அறுக்கவும் வருகிறார்கள். விளைந்த அரிசி அவர்களுக்கு.

டோக்கியோ குழந்தைகள் தவளையைப் பார்த்து அலற, ஊர்ப் பாட்டிகள் சிரித்துக்கொண்டே நாற்றுக் கட்டை நீட்டினார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் பின்னோக்கி நட்டதைப் பார்த்து, ஒரு பெரியவர் கைதட்டினார். இடைவேளையில் தன் வயதை விரலால் காட்டினார்: 76. ‘பிள்ளைகள்?’ என்று கேட்டேன். டோக்கியோ இருக்கும் திசையைக் கை காட்டினார்.

சிரிப்பெல்லாம் அந்த இடத்தில் அடங்கிவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி, ஜப்பானில் விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. வண்டி, இயந்திரம், சொந்தமாக வைக்கும் விலை, சந்தை எல்லாம் இருந்தும், வயலில் இறங்க அடுத்த ஆள் இல்லை. வழியெங்கும் கொடி படர்ந்து கிடந்த தரிசு நிலங்களையும் பார்த்தோம்.

நம் ஊரில் கட்டைவிரலில் சேறு படிந்த இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, நெடுஞ்சாலையோர ஊர்களில் பத்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கொட்டகை போடலாம். சுழற்சி முறையில் ஒருவர் கவனித்துக்கொண்டால், மற்ற ஒன்பது பேர் வயலைப் பார்க்கலாம். ஒவ்வொரு பையிலும் விளைவித்தவர் பெயரும் அவர் வைத்த விலையும் இருக்கட்டும். கொசுறு கொடுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.