புல்லுக்குள் போன ஜல்லி

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஓவன் சவுண்ட் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஏரிதான் பனியைக் கொண்டுவருகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஹியூரான் ஏரித் தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதன் மேல் வீசும் உறைகாற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். பண்ணை வீடுகளின் வாசற்பாதைகள் பெரும்பாலும் தார் போடாதவை, ஜல்லி பரப்பியவை. நூறு மீட்டருக்கு மேல் நீளும் பாதைகளும் உண்டு. அவற்றில் விழுந்த பனியை, பிக்கப் வண்டியின் முன்னால் மாட்டிய இரும்புத் தகடு ஓரத்துக்குத் தள்ளுகிறது. பனியோடு ஜல்லியும் போகிறது. குளிர்காலம் முழுக்க அது யார் கண்ணிலும் படாது. ஏப்ரலில் ஓரத்துப் பனிமேடு கரைந்த பிறகுதான் தெரியும்: பழுப்பேறிப் படுத்துக் கிடக்கும் புல்லின் மேல் சாம்பல் நிறக் கல் பட்டையாகப் பரவியிருக்கும்.

அந்தக் கல்லைப் புல்லிலிருந்து பிரித்துப் பாதையில் சேர்ப்பவர்களோடு ஒரு வசந்தத்தில் சுற்றினேன். இது தனித் தொழில் இல்லை. பனிக்காலத்தில் பனி தள்ளுகிறவர்களே கோடையில் புல் வெட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வருகிற வேலை இது. நான் போன குழுவில் மூன்று பேர். அறுபதை நெருங்கும் முதலாளி, அவரிடம் பல வருடமாக இருக்கும் ஒரு தொழிலாளி, கல்லூரி விடுமுறையில் வந்த ஒரு பெண். முதலாளி என்றாலும் அவரும் குனிந்து வாருகிறவர்தான்.

வண்டியை நிறுத்தியதும் அந்தத் தொழிலாளி கருவி எதையும் எடுக்கவில்லை. மண்டியிட்டு உள்ளங்கையால் புல்லை நீவிப் பார்த்தார். பிறகு பூட்ஸ் குதிகாலால் தரையை ஓர் அழுத்து. குழி விழுந்து அதில் தண்ணீர் ஊறினால் அன்று வேலை இல்லை. ஈரத்தில் கல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். நடக்கிற காலே மண்ணை இறுக்கிக் கெடுத்துவிடும். காயட்டும் என்று அதிக நாள் விடவும் முடியாது. புது இலை கிளம்பிவிட்டால் ஒவ்வொரு கல்லையும் புல் கவ்விக்கொள்ளும். தரை காய்வதற்கும் புல் எழுவதற்கும் இடைப்பட்ட கொஞ்ச நாளுக்குள், குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளிக்கொடுத்த வீடுகள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மழை வந்தால் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும்.

தொழிலாளி இரும்பு வாரியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. விசிறி மாதிரி விரிந்த, வளைகிற பற்கள் உள்ள வாரிதான் வந்தது. நம் ஊரில் களத்தில் வைக்கோல் வாருவது போல நீட்டி இழுக்கிறார்கள் என்றுதான் தூரத்திலிருந்து பார்க்கத் தோன்றும். பக்கத்தில் போனால் வேறு. இழுப்பு ஒரு முழம்கூட இல்லை. பற்களைப் புல்லின் மேல் லேசாக வைத்து, மணிக்கட்டால் ஒரு சுண்டு. பல் வளைந்து நிமிரும்போது கல் துள்ளிப் பாதைப் பக்கம் விழுகிறது. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் சுண்டுகிறார். அப்போதுதான் அடியில் கிடக்கும் கல் வெளியே வரும். படுத்திருந்த புல்லும் எழுந்து காற்று வாங்கும். பனிக்கடியில் அமுங்கிப் பூஞ்சை பிடித்து வெளுத்த திட்டுகளுக்கு அந்தக் காற்று மருந்து. இரும்பு வாரி கல்லை வேகமாக எடுக்கும், ஆனால் புல்லின் குருத்தையும் வேரோடு பிடுங்கிவிடும் என்றார். கல் போன இடத்தில் வெறும் மண் மிஞ்சினால் யாருக்கு லாபம்?

பட்டை தடிமனாக இருக்கும் இடத்தில் இயந்திரத் துடைப்பம். புதர்வெட்டும் இயந்திரம் போன்ற நீளத் தண்டு, அதன் முனையில் உருளை, உருளையைச் சுற்றி ரப்பர் இதழ்கள். அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடியும் காதடைப்பும் முழங்காலுக்குக் கீழே காப்பும். மூவரில் இளையவர் என்று சுலப வேலை கொடுத்திருப்பதாக நினைத்தேன்; பார்க்கப் பார்க்கத்தான் அது கைப்பக்குவம் வேண்டிய வேலை என்று தெரிந்தது. வேகம் கூட்டினால் கல் ஜன்னலுக்குப் பறக்கும். குறைத்தால் உருண்டு அங்கேயே நின்றுவிடும். தூரத்து விளிம்பில் தொடங்கினால் மொத்தக் கல்லையும் முன்னால் உருட்டிக்கொண்டே வர வேண்டியிருக்கும். அதனால் பாதையோரத்தில் தொடங்கி, ஓரடி ஓரடியாக உள்ளே போய், ஒவ்வொரு முறையும் பாதையை நோக்கித் தள்ளினார். ஒரு முறை கல் ஒன்று எங்கள் டிரெய்லர் தகரத்தில் பட்டுத் தெறித்தது. உடனே இயந்திரத்தை அணைத்துவிட்டு எல்லோரும் எங்கே நிற்கிறோம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மண்ணும் காய்ந்த புல்லும் கலந்து வருவதைத் தள்ளுவண்டியின் மேல் வைத்த அரை அங்குலச் சல்லடையில் கொட்டிச் சலிக்கிறார்கள். கீழே விழும் மண், விதையோடு சேர்ந்து வழுக்கைத் திட்டுகளுக்குப் போகிறது. மேலே நிற்கும் கல் பாதைக்கு.

ஒன்று மட்டும் திரும்பி வருவதில்லை. ஒண்டாரியோவில் பாதைக்குக் கொட்டுவது ‘கிரானுலர் ஏ’ என்ற கலவை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முக்கால் ஜல்லியிலிருந்து கிரஷர் தூள் வரை எல்லா அளவும் சேர்ந்தது. அந்தத் தூள்தான் கல்லை இறுக்கிப் பிடிக்கிறது. புல்லுக்குள் போன தூள் மண்ணோடு மண்ணாகிவிடும். வாரியெடுத்துப் போடுவது வெறும் கல். டயர் பட்டால் உருளும். அடுத்த பனிக்கு முதலில் ஓடுவதும் அதுதான். புதிதாக ஒரு லோடு கொட்டலாம் என்றால் அதற்கும் தடை. பனி இளகும் காலத்தில் சாலைகளின் அடிமண் சொதசொதத்துப் போவதால், மார்ச், ஏப்ரல் மாதங்களில், சில இடங்களில் அதற்குப் பிறகும், இதற்கெனக் குறிக்கப்பட்ட கிராமச் சாலைகளில் அச்சு ஒன்றுக்கு 5,000 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது என்பது மாகாணச் சட்டம். டிப்பர் முழு லோடோடு வராது.

புல்லில் கல் கிடந்தால் என்ன, மழையில் தானே அமுங்கிப் போகாதா என்று கேட்டேன். முதலாளி புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்து பிளேடின் நுனியைக் காட்டினார். விளிம்பு முழுக்கப் பல் பல்லாகச் சிதைந்திருந்தது. பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தர விதி வரம்பு வைத்திருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட கல் எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை, தன் வண்டியின் பக்கக் கண்ணாடியை மட்டும் காட்டினார்.

இந்தக் கல்லுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் தகராறு. பனி தள்ளியவர் வாரித் தர வேண்டும் என்பது வீட்டுக்காரர் வாதம். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது, கூலி தனி என்பது முதலாளி வாதம். எனக்கென்னவோ வீட்டுக்காரர் பக்கம் நியாயம் குறைவு என்றே பட்டது. தகடு தரையை உரசாமலிருக்க அதன் அடியில் இரும்புப் பாதங்கள் உண்டு. அவற்றால் தகட்டை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தால் கல் தப்பிக்கும். தகட்டின் கீழ் விளிம்பில் நீளவாக்கில் பிளந்த குழாயை மாட்டினால் அது கல்லைச் சுரண்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். முதல் பனியைத் தள்ளாமல் வண்டி ஓட்டி மிதித்து இறுகவிட்டால், அது உறைந்து ஜல்லிக்கு மேல் ஒரு தளமாகிவிடும். இவ்வளவும் இவருக்குத் தெரியும். ஆனால் தரை தெரியவில்லை என்று டிசம்பரில் வீட்டுக்காரரிடமிருந்து முதல் போன் வரும். தகட்டை இறக்குவார். நிலம் இன்னும் உறைந்திராத அந்த வாரங்களிலும், இளக்கம் கண்ட மார்ச்சிலும்தான் கல் அதிகம் போகிறது.

கூலியை மணிக்கணக்கில்தான் வாங்குகிறார்கள். பனி கரையும் வரை எவ்வளவு கல் என்று யாரும் மதிப்பிட முடியாது. சாயங்காலம் அந்தத் தொழிலாளி மணிக்கட்டைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டார். வாரி பிடிப்பவர்களுக்கு முதுகுக்கு முன்னால் மணிக்கட்டு போகும் என்றார்.

டொரோண்டோவை விட்டு விலகி, ஜல்லிப் பாதை உள்ள வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலம் உறைவதற்கு முன்பே பாதையின் இரு ஓரமும் அடையாளக் குச்சி நட்டுவிடுங்கள். பனி தள்ள வருகிறவரிடம் தகட்டை ஓர் அங்குலம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பாதையில் வெள்ளையாகக் கொஞ்சம் மிச்சமிருந்தால் போன் செய்யாதீர்கள்.