பசவனகுடியில் நடந்தோம்

என் பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக பெங்களூரு போயிருந்தேன். வீடு பசவனகுடியில். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் பெண்ணின் முகத்தில் களையே இல்லை. ராத்திரியில் சத்தமில்லாமல் அழுவாள். "பிள்ளை பெத்த உடம்பு, வெளிக்காத்து ஆகாது" என்று அவளை அறைக்குள்ளேயே வைத்திருந்தவள் நான்தான்!

லேடி டாக்டர் தனியாக அவளிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்த அழுகையை அலட்சியம் பண்ணாதீங்கம்மா. வாராவாரம் கூட்டிட்டு வாங்க. தினம் அரை மணி வெளியே நடக்கட்டும்."

மறுநாள் காலை குழந்தைகளை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நடப்பதற்கென்றே அமைந்த இடம் அது. 1898ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நெரிசலான பழைய பேட்டையை விட்டு ஜனங்கள் வந்து குடியேறிய பகுதி. காற்று வரட்டும் என்றுதான் தெருக்களை அத்தனை அகலமாகப் போட்டார்கள். இருபுறமும் பெரிய மரங்கள்.

முதல் நாள் பியூகிள் ராக் பூங்கா. பாறையும் மரமுமாக, தலைக்கு மேலே கொத்துக் கொத்தாய் வௌவால்கள்! பக்கத்திலேயே கெம்பே கௌடா 1537ல் கட்டிய நந்தி கோயில். ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, சுமார் 15 அடி உயரம். கடலைக் காட்டை மேய்ந்த காளையைச் சாந்தப்படுத்தக் கட்டிய கோயில் என்று கதை சொல்கிறார்கள். கன்னடக் கார்த்திகையின் கடைசித் திங்களன்று தெரு முழுக்க வேர்க்கடலை குவித்துத் திருவிழா நடக்கும். அருகே தொட்ட கணபதி. வெண்ணெய்க்காப்பில் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

இரண்டாவது வாரம் ஆட்டோ பிடித்து லால்பாக் போனோம். ஹைதர் அலி 1760ல் தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். 1889ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையின் எதிரே உட்கார்ந்து, அவளாகவே பேச ஆரம்பித்தாள். "பயமா இருந்துதும்மா" என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

(ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி சமயம் கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு போவதைத் தவிருங்கள்.)

சாயங்காலங்களில் காந்தி பஜார். பூக்கடைகளைத் தாண்டினால் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவன். மொறுமொறு மசாலா தோசைக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்!

ஒருநாள் ராத்திரி, "வி.வி. புரம் தின்பண்டத் தெருவுக்குப் போலாமா?" என்றாள். இருட்டின பிறகா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பக்கத்துப் பேட்டைதான். தெருவே விளக்கும் ஆவியுமாய் ஜேஜே என்றிருந்தது. ஜனவரி மாதம் ஆனதால் எங்கும் பிதுக்குப் பருப்பு தோசை. நின்றபடியே சாப்பிட்டோம். அரை இட்லிக்கு மேல் தொடாமல் இருந்தவள், "இன்னொண்ணு சொல்லட்டுமாம்மா?" என்றாளே, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரிடம் போவதையும் நாங்கள் நிறுத்தவில்லை. உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவள் இருந்தால், பத்தியத்தோடு அவள் முகத்தையும் கவனியுங்கள். தெருக்கோடி வரையாவது கூடவே நடந்து போங்கள்.