பத்து ரூபாய் நிலம்

“அக்கா, ஒரு கையெழுத்துதான்” என்று தம்பி விடுதலைப் பத்திரத்தை நீட்டினான். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த வாரம். அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. சிற்றாற்றுப் பாசனத்தில் அவர் பெயரில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பத்திரத்தின் அடியில் அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

“படிச்சிட்டுத் தாரேன்” என்றேன்.

“தமிழ் டாக்டருக்கு இதுல படிக்க என்ன இருக்கு?”

மறுநாள் வகுப்பில் பெண்கள் வாக்குரிமை பற்றிப் பேச வேண்டியிருந்தது. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, இந்திய மாகாணங்களில் இதுவே முதல் என்று ஆண்டுதோறும் பெருமையாகச் சொல்வேன். 1918இல் இங்கிலாந்து முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு மட்டுமே கொடுத்தது; நாமோ ஆணுக்குள்ள அதே தகுதியில் கொடுத்தோம் என்பேன். அந்த ‘அதே தகுதி’ என்னவென்று இத்தனை வருடம் நான் நிறுத்திக் கேட்டதில்லை. கிராமப்புறத்தில் அது பெரும்பாலும் பட்டா. ஆண்டு மதிப்பு பத்து ரூபாய்க்குக் குறையாத நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் ஆச்சி இதே வயலில் நாற்று நட்டவள். பட்டா அவள் புருஷன் பெயரில். அவளுக்கு ஏது வாக்கு?

இங்கிலாந்துக் கவுண்டிகளில் கதை இன்னும் வேடிக்கை. 1430இலிருந்து, ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் வருமானம் வரும் சொந்த நிலம் இருந்தால்தான் வாக்கு. மனைவி கொண்டுவந்த நிலத்தைக் காட்டிக் கணவன் வாக்களிக்கலாம். நிலம் அவளுடையது, வாக்கு அவனுடையது. 1935 சட்டம் இங்கே அதைத் திருப்பிப் போட்டது: கணவனுக்குச் சொத்துத் தகுதி இருந்தால் மனைவிக்கும் வாக்கு. வாக்காளர் பட்டியலில் பெண்கள் கூடினார்கள், மனைவிகளாக. மனைவி என்பது ஒரு தகுதியா என்று முத்துலட்சுமி ரெட்டி உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றார்கள். அது சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. அப்போதும் முதல் தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

வாக்கு நிலத்தைவிட்டுக் கழன்றுகொண்டது. நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற 1989 தமிழ்நாட்டுச் சட்டம்கூட, அதற்கு முன் மணமான பெண்களை விலக்கித்தான் வந்தது. அம்மா அப்படி விலகிப்போனவள்.

பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தம்பி பேசவில்லை; அம்மாதான் பேசினாள்.

“ஏட்டி, கூடப் பொறந்தவன்கிட்ட பங்கு கேக்கியே, நாளைக்கு வீட்டு வாசல் மிதிக்க வேண்டாமா?”

அந்த பயம் எனக்கும் உண்டு. கல்லூரிக்குப் போகிற வழியில் இரண்டு நாள் அழுதேன். பிறகு வாரிசுச் சான்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு கூட்டுப் பட்டாவுக்கு மனு எழுதினேன். அம்மா காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் காகிதத்தையே பார்த்தாள்.

“நான் போட்ட கையெழுத்து இன்னும் பதிவாகலைல்லா?” என்றாள். “இதுல என் பேரும் வருமா?”