கிளட்சும் என் அதட்டலும்

என்னிடம் இருப்பது கேபிள் கிளட்ச் வைத்த பழைய கார். மகள் அதில்தான் ஓட்டப் பழகுகிறாள். பத்து நாளாக முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். "கிளட்சை முழுசா மிதிம்மா" என்று ஒவ்வொரு தடவையும் அதட்டினேன். 34 வருட வகுப்பறைப் பழக்கம். நேற்று சாவியை நீட்டி, "நீங்களே ஓட்டுங்கப்பா, எனக்கு வராது" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் மிதித்தேன். எனக்கும் விழவில்லை.

ஒரு பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கணும் என்றார்கள். மனசு கேட்கவில்லை. இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தார். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. "பாக்ஸ் நல்லா இருக்கு சார். கிளட்ச்தான் முழுசா விடல" என்றார். கேபிள் தளர்ந்து, பெடல் பாதி தூரம் சும்மாவே இறங்கியிருக்கிறது. கேபிள் நுனி நட்டைச் சில சுற்று முடுக்கினார். ரொம்பவும் முடுக்கக் கூடாதாம். பெடலில் சுமார் 2 செ.மீ. பிளே வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் நழுவித் தேய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்து, "நீ சரியாத்தாம்மா மிதிச்சிருக்கே" என்று சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள்.